கடையைப் பூட்டினீர்கள், வைஃபையைப் பூட்டினீர்களா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரவு ஒன்பதரை மணிக்குக் கடையை அடைக்கிறீர்கள். கல்லாவை எண்ணுகிறீர்கள். ஷட்டரை இறக்கி இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு இழுத்துப் பார்க்கிறீர்கள். பத்தடி நடந்த பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவர்களும் நம்மில் உண்டு. இவ்வளவு எச்சரிக்கையான நீங்கள், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதே ஒரு பெட்டி, அதை ஒரு நாளாவது பூட்டிப் பார்த்ததுண்டா?

மோடம் என்கிறோம், ரூட்டர் என்கிறோம், வைஃபை பெட்டி என்கிறோம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அது உங்கள் கடைக்கு இன்னொரு வாசல். ஷட்டர் போட்ட வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறது. இந்த வாசலோ உலகத்தையே பார்த்து இருக்கிறது. அதிலும் ஒரு விசேஷம்: இந்த வாசல் வழியாக யார் உள்ளே வந்து என்ன செய்துவிட்டுப் போனாலும், வெளியே பதிவாவது உங்கள் பெயர்தான்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. நம் நாட்டில் நடந்த சம்பவத்தையே சொல்கிறேன், கேளுங்கள்.

2008 ஜூலை 26. அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 56 உயிர்கள் பறிபோயின. மருத்துவமனை வாசலைக்கூட விட்டுவைக்காத கொடுமை அது. குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் பத்திரிகை, தொலைக்காட்சி அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். தபாலில் வரும் கடிதத்தில் எந்த ஊர் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்ப்பதைப் போல, இணையத்தில் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது கொண்டுபோய் நிறுத்திய இடம் எது தெரியுமா? நவி மும்பையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர்!

அவருடைய கணினியை எடுத்துப் போனார்கள். அவரை விசாரித்தார்கள். பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. கடைசியில் தெரிந்த உண்மை இதுதான்: அவருடைய வீட்டு வைஃபைக்குப் பூட்டே இல்லை. எவனோ ஒருவன் அந்தக் கட்டடத்துப் பக்கமாக வந்து, அவருடைய இணைப்பைத் திருடி, மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போய்விட்டான். அடுத்து ஆகஸ்ட் மாதம் வந்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபை வழியாக வந்தது. செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டு வெடித்தபோது வந்த மின்னஞ்சல் செம்பூரில் ஒரு வணிக நிறுவனத்தின் வைஃபை வழியாக வந்தது. வீடு, கல்லூரி, வணிக நிறுவனம். மூன்று இடத்திலும் உரியவர்களுக்கு ஒன்றுமே தெரியாது!

அந்த அமெரிக்கர் மீது வழக்கு எதுவும் பாயவில்லை. நல்லது, நிரபராதி மீது ஏன் பாய வேண்டும்? ஆனால் சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே. அதே முகவரி நவி மும்பையில் முடியாமல், நம் கடைத்தெருவில் ஓர் அப்துல் காதரின் செருப்புக் கடையில் முடிந்திருந்தால்? மறுநாள் காலையில் என்ன தலைப்புப் போட்டிருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே அகமதாபாத் வழக்கில் 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 49 பேர் குற்றவாளிகள் என்று சொன்ன அதே நீதிமன்றம், 28 பேரை விடுதலை செய்தது. 13 ஆண்டுகள் கழித்து! அந்த 28 குடும்பங்கள் அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2009 தொடக்கத்தில் மும்பை போலீசார், பூட்டில்லாத வைஃபையைத் தேடிக் கண்டுபிடிக்கப்போவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறையும் இணைப்பு தரும் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அதனால் இன்று பூட்டே இல்லாத பெட்டியைக் காண்பது அரிது. பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். பூட்டு இருக்கிறது; சாவியைத்தான் வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம்.

பெயர்ப் பலகையில் சாவி

உங்கள் கடை வைஃபையின் பாஸ்வேர்டு என்ன? சொல்ல வேண்டாம், மனதுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப்பேர் கடையின் செல்போன் எண்ணைத்தான் வைத்திருப்பீர்கள். மறக்காது, சுலபம், பையன்களுக்கும் தெரியும். அதே எண்ணைத்தான் கடைப் பெயர்ப் பலகையில் ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்டரை விட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள்!

"பலகையில் இருப்பது வேறு எண், பாஸ்வேர்டு என் சொந்த எண்" என்கிறீர்களா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கணக்கு வியாபாரிகளுக்குப் பிடித்த பாடம்தானே! நம் நாட்டு செல்போன் எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கம். ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி. பெரிய தொகைதான், மனிதன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆயுள் போதாது. ஆனால் திருடன் உங்கள் கடை முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் செல்போன் வைஃபை பெட்டியோடு இணையும்போது இரண்டும் காற்றில் ஒரு பேச்சுப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே கம்ப்யூட்டரில் விளையாட்டு ஆடுவதற்காக விற்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதும். வினாடிக்குப் பத்து லட்சம் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுங்கள். 4,000 வினாடி. ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது! நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் கையில் உங்கள் சாவி.

வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 2021இல் டெல் அவிவ் நகரில் ஓர் ஆய்வாளர் தெருத் தெருவாகச் சுற்றி 5,000 வைஃபை இணைப்புகளின் இந்தப் பேச்சைப் பிடித்துச் சோதித்தார். பத்தில் ஏழு திறந்துகொண்டன. காரணம்? அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலவே செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் உலகம் முழுக்க ஒரே பழக்கம்!

அப்படியானால் என்ன வைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து, நடுவில் எண்களைப் போட்டு, பதினாறு எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். உங்கள் ராத்தாவுக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரிந்த பழைய வீட்டுச் சமாச்சாரமாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு சாவி, ஒன்றைத்தான் அறிவீர்கள்

இங்கேதான் படித்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள். வைஃபை பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு. ஒன்று, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகூடக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற வைஃபை பாஸ்வேர்டு. மற்றொன்று, பெட்டியையே ஆட்டிவைக்கிற நிர்வாகப் பாஸ்வேர்டு. முதலாவது வாசல் சாவி என்றால் இரண்டாவது வீட்டுப் பத்திரம். முதலாவதை மாற்றிவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டோம் என்று இருக்கிறோம். இரண்டாவது பெட்டி வாங்கிய நாளில் என்னவாக இருந்ததோ, பல கடைகளில் அதுவாகவே இருக்கிறது. பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்!

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. ஒரு நச்சு நிரல் உள்ளே புகுந்து முடக்கியது. எப்படிப் புகுந்தது? யாரும் மாற்றாமல் விட்ட அந்த அட்மின் என்ற ஒற்றைச் சொல் வழியாக. பிறகு அந்த நிறுவனமே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வேண்டுகோள் விட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2016இல், அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள் 'மிராய்' என்ற நிரலை எழுதினார்கள். கணினி விளையாட்டு நடத்துகிறவர்களுக்குள் போட்டி, அதில் எதிராளியைக் கவிழ்க்கத் தொடங்கிய வேலை. அந்த நிரலில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அடங்கிய ஒரு பட்டியல், அவ்வளவுதான். அட்மின் அட்மின், ரூட் 12345, 888888, 666666 என்று கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியவை. உலகம் முழுக்க வைஃபை பெட்டிகளையும், கண்காணிப்புக் கேமராக்களையும், அவற்றின் பதிவுப் பெட்டிகளையும் அது தானாகவே தட்டிப் பார்த்தது. திறந்த பெட்டியெல்லாம் அதன் படையில் சேர்ந்தது. அந்த நிரலை வெளியில் விட்டுவிட்டார்கள், மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. அடுத்த மாதம் அதே இனத்து நிரல் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பைக் குலைத்தது. அந்த மூன்று இளைஞர்களும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கேமராக்கள் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? திருட்டுப் பயத்துக்காக நாம் மாட்டியது. கேமரா மாட்ட வந்த பையன், வீட்டிலிருந்தே செல்போனில் கடையைப் பார்க்கலாம் அண்ணே என்று சொல்லி, வைஃபை பெட்டியில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு, கேமராப் பதிவுப் பெட்டிக்கு 123456 என்று போட்டுவிட்டுப் போய்விடுவான். அவன் மீது குற்றமில்லை. அவனுக்குத் தினமும் நான்கு கடை. ஆனால் நீங்கள் வீட்டிலிருந்து பார்க்கிற அந்த வழியில் ஊரான் எவனும் வந்து பார்க்கலாம். கல்லாவில் எவ்வளவு எண்ணுகிறீர்கள், எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள், கடையில் யார் தனியாக இருக்கிறார்கள், எல்லாவற்றையும் பார்க்கலாம்.

பிரேசில் நாட்டில் நடந்தது இன்னும் நூதனமானது. 2011, 2012 ஆண்டுகளில் அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களில் திருடர்கள் புகுந்தார்கள். எதையும் முடக்கவில்லை. ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றினார்கள். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் இருப்பிடம் எங்கே என்று பெட்டி ஓரிடத்தில் விசாரிக்கும். அந்த விசாரிக்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். சரியான வங்கியின் பெயரைத்தான் மக்கள் தட்டினார்கள். போய் நின்றதோ போலித் தளத்தில். ஆட்டோக்காரரிடம் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லி ஏறுகிறீர்கள், அவர் அதே பெயர்ப் பலகை மாட்டிய இன்னொரு கட்டடத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. கோளாறு கணினியில் இல்லையே!

அமானிதம்

வியாபாரிகளுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்முடைய பணம் போனால் நம்முடைய நஷ்டம். வாடிக்கையாளருடைய விவரம் நம்மிடம் இருப்பது அமானிதம். அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய வணிகக் குழுமம் இருக்கிறது. மார்ஷல்ஸ் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான துணிக்கடைகள் அதற்கு உண்டு. 2005இல் ஒரு கும்பல் காரில் சுற்றிக்கொண்டே மயாமியில் ஒரு மார்ஷல்ஸ் கடையின் வயர்லெஸ்ஸை உடைத்தது. அங்கிருந்து தலைமையகத்துக் கணினிக்கே போய்விட்டது. 2007இல் விஷயம் வெளியானபோது கணக்கெடுத்தால் 4 கோடியே 57 லட்சம் வங்கி அட்டைகளின் விவரம் களவு போயிருந்தது. கும்பல் தலைவன் ஆல்பர்ட் கோன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை.

அந்தக் கடை பூட்டாமல் விட்ட கடையல்ல. பூட்டு இருந்தது. டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு. அந்தப் பூட்டு பழுதானது என்று 2001ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்தும் அதையே தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்ற பூட்டிலும் 2017இல் பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு ஓட்டை கண்டார்கள். அது மென்பொருளைப் புதுப்பித்தால் அடைபடுகிற ஓட்டை. ஆனால் புதுப்பிக்கிறவர் யார்? செல்போனைப் புதுப்பிக்கிறோம், அது மணியடித்துக் கேட்கிறது. சுவரில் தொங்குகிற பெட்டி ஒன்றும் கேட்பதில்லை.

கம்பெனிக்காரன் கைவிட்டுவிட்ட பழைய பெட்டிகள் இன்னும் ஆபத்து. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. இப்படிப்பட்ட பழைய ரூட்டர்களுக்குள் புகுந்து, அவற்றை இன்னொருவனுக்கு வாடகைக்கு விடுகிற வியாபாரமே நடந்துவந்திருக்கிறது. வாடகைக்கு எடுப்பவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டு உங்கள் முகவரியிலிருந்து மோசடி செய்வான். நவி மும்பைக்கு வந்தவனாவது அந்தக் கட்டடத்துப் பக்கம் வர வேண்டியிருந்தது. இவன் ஊருக்கே வர வேண்டியதில்லை!

சரி, செய்ய வேண்டியது என்ன? அரை மணி நேர வேலை. பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168 என்று தொடங்குகிற ஓர் எண்ணும், நிர்வாகப் பெயரும் அதில் இருக்கும். கடை வைஃபையில் இணைந்தபடி அந்த எண்ணை பிரவுசரில் தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். நிர்வாகப் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். பிறகு வைஃபை பாஸ்வேர்டு. பூட்டின் வகை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்று இருக்கட்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கிற வசதி இருந்தால் அணையுங்கள். டபிள்யூ.பி.எஸ். என்று ஒன்று இருக்கும், பட்டனை அழுத்தினால் இணைகிற வசதி. அதற்கு எட்டு இலக்க எண் ஒன்றும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் முன்னவற்றிலிருந்தே வருகிறது; ஆகவே 11,000 முறை முயன்றால் போதும் என்று 2011இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதையும் அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்க வேண்டுமானால் கெஸ்ட் என்று தனி இணைப்பு வைக்கிற வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. பில் போடுகிற கணினி இருக்கிற இணைப்பில் ஊரார் செல்போன் எதற்கு? நம் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே, தயவுசெய்து இன்றே கிழித்துவிடுங்கள். அதுவும் ஒரு முகவரிதான். அதன் பேரில் ஒரு குற்றம் பதிவானால் பதில் சொல்ல வேண்டியவர் வயதான முத்தவல்லி.

தம்பிகளே, இந்த வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஆளுக்குப் பத்துக் கடை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியை அருகில் உட்கார வைத்து, அவர் கையாலேயே மாற்றச் செய்யுங்கள். புதுப் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிய வேண்டாம். கேட்காமல் எவருடைய பெட்டியையும் தொட்டுப் பார்க்காதீர்கள். சோதித்துத்தான் பார்த்தேன் என்ற பேச்சு சட்டத்தின் முன் எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் போலீசார் ஐ.பி. முகவரியோடு வந்து நின்றால் பதறாதீர்கள். பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் இல்லாத குற்றம் இருப்பதாகிவிடும். பெட்டியின் மின்சாரத்தையும் நீங்களாக அணைக்காதீர்கள். எந்தெந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற குறிப்பு பல பெட்டிகளில் மின்சாரம் போனதும் போய்விடும்; உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடியது அதுதான். அதை அதிகாரியிடம் எடுத்துச் சொல்லுங்கள். உடனே வழக்கறிஞருக்குத் தகவல் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு நடக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். எடுத்துப் போகிற ஒவ்வொரு பொருளும், அதன் கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, நகல் கேளுங்கள். பெட்டி வாங்கிய ரசீதையும், பாஸ்வேர்டு மாற்றிய தேதியையும் இன்றைக்கே ஒரு குறிப்பேட்டில் சேர்த்து, கடையில் அல்ல, வீட்டில் வையுங்கள்.